அவிழாத முடிச்சு

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகிறது. விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் டீக்கடைப் பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் ஆறு பேர் தலையில் மங்கி குல்லா, ஏழாவது ஆள் காதை அடைத்துத் துண்டு கட்டியிருப்பார், எட்டாவது ஆள் நான், அரைக்கைச் சட்டையோடு. போனில் பார்த்தால் 21 டிகிரி. "அவனுக்கு என்னப்பா, ஐஸ் பொட்டியில படுத்து எழுந்திரிச்சவன்" என்று யாராவது ஒருவர் தினமும் சொல்லிவிடுவார். நானும் சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் குளிர்கிறது. ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது, அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, அதனால் குல்லா போடுவதில்லை.

இந்த வீம்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். குளிர்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாத வீம்பு. அது அண்டார்டிகாவில் ஒரு ராத்திரி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும், அதற்கு நாலு வருஷம் முன்னால் கஜா புயல் ராத்திரியில் எங்கள் அப்பாவுக்கு என்ன ஆனது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஆறு மா நிலம், இரண்டு மாடு. நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு ஆயில் என்ஜின், பம்புசெட் என்று சுற்றுவட்டாரத்தில் வேலை பார்த்தேன், அப்புறம் வளைகுடாவில் ஏழு வருஷம் ஜெனரேட்டரோடு குடித்தனம். அண்டார்டிகா என்றால் விஞ்ஞானிகள் போகிற இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஞ்ஞானிக்கும் விளக்கு எரிய வேண்டும், சோறு வேக வேண்டும், குழாயில் தண்ணீர் உறையாமல் வர வேண்டும். கோவாவில் இருக்கிற தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இந்த வேலைகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறது. மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் எல்லோரும் வேண்டும். அப்படித்தான் 2022 கடைசியில் கேப் டவுனில் ஒரு சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் ஏறி உட்கார்ந்து, ஐஸையே செதுக்கிச் செய்த ஓடுதளத்தில் போய் இறங்கினேன். அங்கிருந்து சில கிலோமீட்டரில் மைத்ரி, நம் நாட்டு ஆராய்ச்சி நிலையம்.

வீட்டில் சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "அங்க ஆடு மாடு உண்டா?" இல்லை என்றேன். "அப்ப மனுஷனுக்கு என்ன வேலை?" என்றார்.

நியாயமான கேள்விதான். சையத் ஜாகூர் காசிம் தலைமையில் நம் நாட்டின் முதல் குழு, 21 பேர், 1981 டிசம்பரில் கோவாவில் கப்பலேறி 1982 ஜனவரி 9 அன்று அங்கே கால் வைத்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் தட்சிண் கங்கோத்ரி என்று முதல் நிலையம் எழும்பியது, கடலோரப் பனிப்படலத்தின் மேலேயே. பனி கொட்டிக் கொட்டி அது மெல்லப் புதைந்தே போய்விட்டது. 1989-ல் மைத்ரியைப் பாறைமேல் கட்டினார்கள். ஆற்றுப் படுகையில் குடிசை போட்டவன் ஒரு வெள்ளம் பார்த்த பிறகு கரைமேட்டைத் தேடிப் போவான் இல்லையா, அது மாதிரி.

போவதற்கு முன்னால் தலை முதல் கால் வரை உடம்புப் பரிசோதனை, அதன்பிறகு உத்தராகண்டில் ஔலியில் பயிற்சி. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் அங்கே, ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 3,000 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து. எங்களுக்குக் கடல் மட்டம் என்பது வீட்டு வாசல், அதனால் முதல் இரண்டு நாள் படி ஏறினாலே மூச்சு முட்டியது. நாங்கள் போனது மழைக்காலம், பனியையே காணோம், எங்கே பார்த்தாலும் சேறு. சேற்றில் நடக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இறங்கினேன், வயல் சேறு காலைப் பிடிக்கும், மலைச் சேறு காலை வாரிவிடும் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கயிற்றில் ஏறுவது, ஐஸ் கோடரியைக் குத்திச் சறுக்கலை நிறுத்துவது, வெடிப்புக்குள் விழுந்தவனைக் கயிறு போட்டு இழுப்பது, இதெல்லாம் அங்கே பழக்கினார்கள். கைக்குப் பழகிவிட்டது, இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் கட்டிக் காட்டுவேன்.

மனதில் நின்றது ஒரு கேள்வி. ஒரு சாயங்காலம் மழையில் நனைந்து நின்றுகொண்டிருந்தபோது எங்கள் உஸ்தாத், பயிற்சி கொடுக்கிறவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், "குளிரில் விறைத்துச் சாக எத்தனை டிகிரி வேண்டும்?" என்று கேட்டார். ஒருவன் மைனஸ் 20 என்றான், ஒருவன் மைனஸ் 40. அவர் தலையை ஆட்டினார். பிளஸ் 10 போதும், உடம்பு நனைந்திருந்து காற்றும் அடித்தால். கிழவனாகவோ குழந்தையாகவோ இருந்தால் அதற்கும் மேலே இருந்தாலும் ஆபத்துதான் என்றார். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், பானைத் தண்ணீர் சில்லிடுகிற கணக்குதான்.

உடம்பின் உட்சூடு 37. அது 35-க்குக் கீழே இறங்கினால் ஆள் ஆபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். தெர்மாமீட்டரெல்லாம் அந்த இடத்தில் கிடைக்காது, நாலு அடையாளம் பார் என்றார்கள். கால் தடுமாறும், கை நழுவும், நாக்குக் குழறும், முகம் சிடுசிடுக்கும். நாலில் கடைசியைத்தான் எல்லோரும் தவறவிடுவார்கள், அவன் குணமே அப்படி என்று விட்டுவிடுவார்கள். இன்னும் இறங்கினால், 32-ஐ ஒட்டி, நடுக்கம் குறைந்து நின்றுபோகும். நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டான் என்று நினைக்காதே, அவன் அடுப்பில் விறகு தீர்ந்துவிட்டது. அதற்கும் கீழே போனவர்கள் எரிகிறது, எரிகிறது என்று துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செத்துக் கிடந்ததையெல்லாம் மலைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே சமயம், விறைத்துக் கிடக்கிறான் என்பதற்காக ஆளைக் கைவிட்டுவிடவும் கூடாது. 1999-ல் நார்வேயில் அன்னா போகன்ஹோம் என்ற பெண் மருத்துவர் பனிச்சறுக்கில் விழுந்து ஐஸ் ஓடைக்குள் மாட்டிக்கொண்டார், உட்சூடு 13.7 டிகிரிக்கு இறங்கி இதயம் நின்றுபோயிருந்தது, அவரையும் பிழைக்க வைத்தார்கள். சூடேற்றிப் பார்த்து, அப்புறமும் உயிர் வரவில்லை என்றால்தான் செத்தான் என்று சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சட்டம் மாதிரி.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

மைத்ரியில் ஜனவரி கடைசி. அந்தக் கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் சூரியன் மறையவே இல்லை, அப்போதுதான் தொடுவானத்தைத் தொட்டுத் தொட்டு எழும்ப ஆரம்பித்திருந்தது. அங்கே இரண்டு குளிர்காலம் கழித்த ஒரு மூத்தவர் புதிதாய் வந்த எங்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு நிலையத்துக்குத் தெற்கே, பனிச்சரிவில் காற்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு பனித்திடலுக்குப் போனார். இன்றைக்கு ராத்திரி வாசம் இங்கேதான். இரண்டு பேருக்குக் கூடாரம், மற்ற இரண்டு பேர் பனியிலேயே குழி வெட்டிப் படுக்க வேண்டும். எனக்கும் தூத்துக்குடிப் பக்கத்து எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவனுக்கும் குழி விழுந்தது. மைனஸ் 14. ஊரில் சொன்னால் அவ்வளவுதானா என்பார்கள்.

பனி என்றால் எல்லோரும் ஐஸ்கிரீம் பதத்தை நினைக்கிறார்கள். அந்தக் குளிரில் அது காய்ந்த உப்பு. வேதாரண்யம் உப்பளத்தில் அம்பாரம் போட்டு வைத்திருக்கிற உப்பின் மேல் ஏறினால் காலடியில் கறுக் கறுக்கென்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம், குளிர் ஏற ஏறச் சத்தமும் ஏறும். கண் கூசுவதும் அதே மாதிரிதான், உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் கண் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு அங்கே கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று விளக்க வேண்டாம். காற்று அமுக்கி அமுக்கி இறுக்கிவைத்த பனியை ரம்பத்தால் அறுத்தால் கல் கல்லாக வரும், பார்க்கத் தெர்மோகோல் மாதிரி. ஆள் நீளம், மார்பளவு ஆழம் குழி வெட்டி, மேலே இந்தக் கல்லை இரண்டு பக்கமும் சாய்த்து முட்டுக்கொடுத்தால் கூரை. வாசல் பக்கம் மட்டும் படுக்கையைவிட ஒரு முழம் ஆழமாக ஒரு பள்ளம். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குப் போய்த் தேங்கும், படுக்கை மேட்டில் இருக்க வேண்டும். மூத்தவர் இதை விளக்கியபோது, "வயலுக்கு வடிகால் மாதிரி" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஊரில் வடிகாலும் கிடையாது, வயலும் குறைவு.

பனி எப்படிக் கதகதப்பு தரும் என்று கேட்பவர்களிடம் நான் வைக்கோல்போரைத்தான் காட்டுவேன். சின்ன வயதில் போரில் ஒரு பொந்து பிடுங்கி உள்ளே போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் வியர்க்கும். வைக்கோலுக்குள் சூடு எதுவும் இல்லை, நகராத காற்று இருக்கிறது, அவ்வளவுதான். பனிக்குள்ளும் அதே காற்று. வெளியே மைனஸ் 30 அடித்தாலும் ஒழுங்காக வெட்டிய பனிக்குகைக்குள் பூஜ்யத்துக்கு ஐந்து, ஆறு டிகிரிக் கீழே நிற்கும்.

கூரையில் ஒரு ஓட்டை போட்டு, அடிக்கடி கோலை விட்டுக் குத்தி அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைபோக்கி என்றால் என் தொழில், இதற்கு மட்டும் நான் நல்ல மாணவன். 1934 குளிர்காலத்தில் அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் பனிக்கடியில் ஒரு குடிசையில் தன்னந்தனியாக இருந்து, அடுப்பும் ஜெனரேட்டரும் கக்கிய கார்பன் மோனாக்சைடில் சாகக் கிடந்தார், வாசனையும் தெரியாது, நிறமும் தெரியாது. ரேடியோவில் அவர் அனுப்பிய செய்தி கோணல்மாணலாக வந்ததை வைத்துத்தான் ஏதோ சரியில்லை என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். உடம்பு சரியில்லை என்று அவராக வாயைத் திறந்து சொல்லவில்லை. அட்மிரலுக்கும் அதே வீம்பு.

இந்தப் பயிற்சியில் பெயர்போனது அமெரிக்கர்களின் மக்மர்டோ நிலையத்தில் நடந்துவந்தது. அங்கே கோடையில் ஆயிரம் பேர் வரை இருப்பார்கள், நிலையத்தை விட்டு வெளியே வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ராத்திரி பனியில் படுத்து வர வேண்டியிருந்தது, அதற்கு அவர்கள் செல்லமாக வைத்த பெயர் ஹேப்பி கேம்பர். அதில் ஒரு விளையாட்டு உண்டு: பனிப்புயலில் கண் தெரியாமல் போவதைப் பழக, ஆளுக்கொரு வெள்ளை வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன ஒருவனைத் தேட வேண்டும். நம் ஊர்க் கண்ணாமூச்சிதான். பத்தடி தள்ளி நிற்கிறவனை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்களாம். எங்களுக்கு வாளி இல்லை, ஆனால் மைத்ரியில் குளிர்காலப் புயலில் ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போன அன்று, கை நீட்டினால் கையே தெரியாத அன்று, வாளியில் இருக்கிற சூட்சுமம் புரிந்தது.

சரி, குழிக்கு வருகிறேன். மூத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். மெதுவாக வெட்டு, வியர்க்கவிடாதே, வியர்க்கிறது என்று தோன்றினால் மேல்சட்டையைத் திறந்துவிடு. நான் என்ன செய்தேன்? மண்வெட்டியைப் பார்த்ததும் ஊர்ப் புத்தி வந்துவிட்டது. வாய்க்கால் தூர்வாரும்போது பக்கத்து ஆளை முந்துகிற வேகம். தம்பி நாலு வெட்டு வெட்டி நின்று மூச்சு வாங்கினான், நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன், அவன் பங்கையும் சேர்த்து வெட்டினேன். ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. கொடுத்திருந்த கம்பளி உள்ளாடைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி, திருப்பூர்ப் பருத்திப் பனியன் ஒன்று போட்டிருந்தேன். கைவைத்த பனியன். பருத்தி கூடவே கூடாது என்று ஔலியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அது வியர்வையைக் குடித்துக்கொண்டு விடவே விடாது, கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்துவைக்கும். ஆனால் பனியன் இல்லாமல் சட்டை போட்டால் எனக்கு அம்மணமாக இருக்கிற மாதிரி ஒரு கூச்சம். முப்பது வருஷப் பழக்கம். யாருக்குத் தெரியப்போகிறது என்று போட்டுக்கொண்டேன்.

படுக்கை விரித்தோம். கீழே இரண்டு பாய், மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், தரைதான் சூட்டைத் தின்னும். உறையாமலிருக்கத் தண்ணீர்ப் புட்டி, ஷூவின் உள்ளுறை, மறுநாள் போடப்போகும் காலுறை எல்லாம் தூக்கப்பைக்குள்ளே, புருஷன் பெண்டாட்டி பிள்ளைகுட்டியோடு படுக்கிற மாதிரி ஒரு நெரிசல். ஒன்றுக்குப் போக ஒரு புட்டி தனி, அதில் பெரிய எழுத்தில் அடையாளம், காரணம் சொல்ல வேண்டாம். நள்ளிரவுக்கு மேல் தெற்கிலிருந்து, உயரத்திலிருந்து கீழே வழிகிற காற்று கிளம்பியது. மைனஸ் 14-ல் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 26. இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டதும் அண்டார்டிகாவில்தான், பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் ஒரு பிளாஸ்டிக் குழலில் தண்ணீரைத் தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று நேரம் குறித்துப் பார்த்தார்கள். குழிக்குள் காற்று இல்லை. எனக்குள் இருந்தது ஈரம்.

ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. பல் அடித்துக்கொண்டிருந்தது. தூக்கப்பையின் கழுத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று கையை வெளியே எடுத்தேன். சின்னக் கயிறு, நுனியில் ஒரு சுருக்கு. விரல் அதன்மேல் போகிறது, பிடிக்கவில்லை. என் விரலை நானே வேறு யாருடைய விரலையோ பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது, கயிற்றின் மேல்.

"என்னண்ணே, குளிருதா?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல. படு."

"இல்லண்ணே, ரொம்ப நேரமா நோண்டிக்கிட்டே இருக்கிய."

"படுன்னு சொல்றேன்ல, என்னய என்ன சின்னப்புள்ளன்னு நெனச்சியா?" அவனிடம் அதுவரை நான் அப்படிப் பேசினதில்லை.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, கோவிச்சுக்காதிய, உங்க ஊருக்குப் பக்கத்து டவுனு பேரச் சொல்லுங்க பாப்போம்" என்றான்.

திருத்துறைப்பூண்டி. பிறந்ததிலிருந்து சொல்கிற பெயர். திருத்து... திருத்துற... என்று இரண்டு முறை ஆரம்பித்தேன், மேலே நாக்கு புரளவில்லை. அவன் பதில் எதுவும் பேசாமல் என் தூக்கப்பையின் ஜிப்பை இழுத்துவிட்டு, என் சட்டைக்குள் கையை விட்டான். "எய்யா, பனியனா போட்டிருக்கிய? ஊறிப் போயிருக்கு" என்றான். வெட்கமாக இருந்தது, அந்த நிலைமையிலும். அவனே கழற்றினான், கத்தியால் கிழித்துத்தான் எடுத்தான். காய்ந்த கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டான், பிளாஸ்கில் இருந்த வெந்நீரைப் புட்டியில் ஊற்றி அக்குளில் இடுக்கக் கொடுத்தான், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வாயில் வைத்தான். வெந்நீரைக் குடிக்கவும் கொடுத்தான், டம்ளரை அவன்தான் பிடித்துக்கொண்டான். தேய்த்துவிடவில்லை, தேய்க்கக் கூடாது என்று அவனுக்கு நினைவிருந்தது. கடைசியில் பைக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கச் சொன்னான். முக்கால் மணி நேரத்தில் பெயரைச் சொல்லிவிட்டேன், திருத்துறைப்பூண்டி, முழுசாக.

அப்புறம் தூக்கம் வரவில்லை. பனிக்கல் கூரை வழியாக நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கழுத்துக் கயிறு கண்முன்னால் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு கயிறு ஞாபகம் வந்தது.

2018 நவம்பர் 15 ராத்திரி. கஜா எங்களை நேராகக் கடந்து போன புயல். முதலில் வடக்கிலிருந்து காற்று, அப்புறம் ஒரு அடங்கல், முடிந்தது என்று வெளியே வந்தவர்களைத் தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. அந்த அடங்கலில்தான் அப்பா மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார், பெரிய மாடுகளை முன்பே அவிழ்த்துவிட்டிருந்தோம், கன்றுக்குட்டி மட்டும் உள்ளே கட்டிக் கிடந்தது. வேட்டி, துண்டு, அவ்வளவுதான் மேலே. ஏற்கெனவே இரண்டு முறை வெளியே போய் நனைந்து வந்தவர். ரொம்ப நேரமாகத் திரும்பவில்லை என்று நான் டார்ச்சோடு போனேன். கொட்டகையின் கீற்று முழுக்கப் போயிருந்தது, காற்று திரும்பிவிட்டது, மழை பக்கவாட்டில் அடிக்கிறது, அப்பா முளைக்குச்சிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். அவிழ்க்கவில்லை, தடவிக்கொண்டிருந்தார். அறுபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கிற முடிச்சு. நான் அரிவாளால் கயிற்றை அறுத்தேன். அதற்கு என்னைத் திட்டினார், நல்ல கயிற்றை அறுத்துட்டியேடா என்று, அந்த நேரத்தில்.

எங்கள் ஓட்டு வீடு நிற்காது என்று தெரிந்ததும் தெரு முனையில் இருந்த தொகுப்பு வீட்டுக்குப் போனோம். இரண்டு அறையில் நாற்பது பேர். அப்பாவை வாசலோரம் சிமெண்டுத் தரையில் உட்கார வைத்தேன், நனைந்த வேட்டியோடு. நடுங்கினார். எல்லோரும்தான் நடுங்கிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் யாரையோ ஏசினார், வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது, டீ டம்ளரைக் கொடுத்தால் கை நழுவிக் கொட்டிவிட்டது. "பயந்துட்டாரு, துண்ணூறு போட்டு விடு" என்றார் ஒருவர். இன்னொருவர் மடியிலிருந்து ஒரு குவாட்டரை எடுத்து நீட்டினார், ரெண்டு மடக்கு உள்ள போனா சூடாயிடும் என்று. அதை வாங்கி அப்பா வாயில் ஊற்றியது நான்தான். சாராயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விட்டுவிடும், ஆளுக்குச் சூடாக இருக்கிற மாதிரி தோன்றும், உள்ளே இறங்கிக்கொண்டே போகும். எனக்கு அப்போது அது தெரியாது. உளறலைப் பார்த்து, உள்ளே போனது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பாற்றியது சின்னத்தை. உள் அறையிலிருந்து வந்தவள் அப்பாவின் காதைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொடவில்லை, காதை. "அண்ணன் சில்லிட்டுக் கெடக்குது, ஈரத் துணியோட உக்கார வச்சிருக்கீங்களேடா பாவிங்களா" என்று கத்திவிட்டு, நாற்பது பேர் முன்னால் வேட்டியை உருவினாள். காய்ந்த நெல் சாக்கு நாலை மடித்துக் கீழே போட்டாள், தன்னுடைய காய்ந்த புடவை ஒன்றைச் சுற்றினாள், அதன்மேல் ஒரு சாக்கைக் கொங்காணி போட்டுத் தலையை மூடினாள். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்களை எழுப்பி, இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன், தாத்தாவைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குங்கடா என்றாள். வெல்லக் காப்பியைச் சங்கில் ஊற்றிக் கொடுத்தாள், குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. விடிந்து, மரம் ஒன்றுகூட நிற்காத தென்னந்தோப்பைப் பார்த்து ஊரே அழுதுகொண்டிருந்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்து கன்றுக்குட்டி எங்கே என்று கேட்டார்.

கால் தடுமாறும், கை நழுவும், நாக்குக் குழறும், முகம் சிடுசிடுக்கும். நாலும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் குளிர் எத்தனை டிகிரி? இருபதுக்கு மேலேதான் இருந்திருக்கும், இந்த மார்கழியைவிடக் குறைவில்லை.

ஊருக்கு வந்ததும் சின்னத்தையிடம் இதைக் கேட்டேன், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று. "மழையில கன்னு போட்டா என்ன பண்ணுவோம்? தொடச்சு, சாக்கப் போத்தி, சூடா ஒரு எடத்துல போடுவோம். மனுஷனுக்கு மட்டும் வேறயா?" என்றாள். அண்டார்டிகாவில் என்ன கற்றுக்கொண்டாய் என்று டீக்கடையில் கேட்பவர்களிடம் இதைச் சொல்ல முடியவில்லை, அவர்களுக்குப் பெங்குவின் வேண்டும்.

ஐப்பசி நடவில் மழையோடு சேற்றில் நிற்கிற பொம்பளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்குக் கை சும்மா இருப்பதில்லை. யூரியா சாக்கைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆறு ஏழு மணி நேரம் நிற்பார்கள், கரையேறினதும் ஈரப் புடவையோடு டீ குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவார்கள். போன வருஷம் ஒரு பாட்டி நாற்று முடியைப் பிரிக்க முடியாமல் நார்க்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். மேஸ்திரி வேகமில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், பாட்டி, உன் பேரன் பேரெல்லாம் வரிசையாச் சொல்லு என்றேன். "ஒனக்கு என்னடா பைத்தியமா?" என்று தெளிவாகத் திட்டினாள். சரி, நாக்கு நன்றாக இருக்கிறது என்று நிம்மதி. ஆனாலும் கரையேற்றி, காய்ந்த துணி மாற்ற வைத்து, மோட்டார்க் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தேன். அன்றிலிருந்து ஐஸ்காரன் என்ற பெயரோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது, பேர் கேக்குறவன்.

அப்பாவுக்கு இப்போது 78. அந்தப் பனிக்குழி ராத்திரியைப் பற்றி வந்த புதிதில் ஒருமுறை முழுதாகச் சொன்னேன், பனியன் உட்பட. கேட்டுக்கொண்டே தொழுவத்தில் கன்றை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். கஜா அன்றைக்கு அவர் பேசியது எதுவும் அவருக்கு நினைவில்லை. "நான் என்னடா சொன்னேன் அன்னிக்கு?" என்று கேட்டார்.

"அந்த வீட்டுல உக்காந்துகிட்டு யாரையோ திட்டுனீங்க. என்ன சொல்றீங்கன்னே புரியல. கன்னுக்குட்டியத் திட்டுறீங்கன்னு நெனச்சோம்."

முடிச்சைப் போட்டு முடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "கன்னுக்குட்டி என்ன பண்ணுச்சு, பாவம்? ஒன்னயத்தான் திட்டியிருப்பேன்" என்றார்.